பிரதி சரியானதா?

(ஆத்தூரில் நாட்டார் கலை ஆர்வலர்களும் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில், தம் 27ஆம் வயதில் காலமானார். தமிழில் பேசும்படம் வந்து அப்போது இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. நாடக மேடையில் அவரைக் கேட்டவர்கள் அநேகமாக யாரும் இன்று நம்மோடு இல்லை. அந்தக் குரலுக்கு மிஞ்சியிருக்கும் ஆதாரம் இசைத்தட்டுகள் மட்டுமே. அந்தத் தட்டுகளிலிருந்து எடுத்த டிஜிட்டல் பிரதிகளைத்தான் நாம் இணையத்தில் கேட்கிறோம். கேட்டுவிட்டு, "கிட்டப்பா எத்தனை கட்டையில் பாடியிருக்கிறார் பாருங்கள்!" என்று வியக்கிறோம். அந்தக் கட்டை கிட்டப்பாவுடையதா, பிரதி எடுத்தவருடைய கருவியுடையதா என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அரக்குத் தட்டுகளை எல்லாரும் 78 சுற்றுத் தட்டு என்போம். நிமிடத்துக்கு 78 சுற்று என்று கணக்கு. தொடக்க காலத்தில் அந்த வேகம் அவ்வளவு கறாராகக் கடைப்பிடிக்கப்படவில்லை. எழுபது சொச்சத்திலிருந்து எண்பது வரை பல வேகங்களில் தட்டுகள் வெட்டப்பட்டன. 74 சுற்றில் வெட்டிய தட்டை 78இல் ஓடவிட்டால் சுருதி 5.4 சதவீதம் ஏறும். ஆர்மோனியத்தில் ஒரு கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்குப் போக வேண்டிய ஏற்றம் சுமார் 5.9 சதவீதம். அதாவது பாடகர் கிட்டத்தட்ட அரைக்கட்டை மேலே போய்விடுவார். மூன்று நிமிடப் பாட்டு 2 நிமிடம் 51 நொடியில் முடிந்துவிடும். குரல் மெலியும், வயது குறைந்தது போலத் தோன்றும், பிருகாக்கள் இன்னும் வேகமாக விழும். ரசிகருக்கு அது பிடித்தும் போகும்.

ஆர்மோனியம் துணைக்கு ஒலிக்கிறதே, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பிழை கால் கட்டையாக இருந்தால் ஆர்மோனியம் எந்தக் கட்டையிலும் உட்காராமல் நடுவில் நின்று காட்டிக்கொடுத்துவிடும். பிழை அரைக்கட்டைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால்தான் ஆபத்து. அப்போது அது அடுத்த கட்டையில் பொருந்தி உட்கார்ந்துகொண்டு, சரியான பிரதி போலவே நடந்துகொள்ளும். பெரிய பிழை தெரிந்துவிடும், சிறிய பிழைதான் மறையும் என்று நாம் நினைக்கிறோம். ஒலியில் அந்த விதி எப்போதும் செல்லாது.

சினிமாவிலும் இதே கதைதான். நம் சேலத்தில் ஏற்காடு சாலையில் டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், படப்பிடிப்பு முதல் ஒலிப்பதிவு வரை ஒரே வளாகத்தில் வைத்துக்கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தது. 1950இல் வந்த 'மந்திரி குமாரி'யும், 1956இல் வண்ணத்தில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படமும் அங்கே உருவானவை. பேசும்பட பிலிம் நொடிக்கு 24 பிரேம் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் (PAL) முறை நொடிக்கு 25 பிரேம். பிலிமை அந்த முறைக்கு மாற்றும்போது 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிடும் வழக்கம் அந்த முறையைப் பின்பற்றிய நாடுகளில் பரவலாக இருந்தது. படத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் 150 நிமிடப் படம் 144 நிமிடமாகிவிடும். பாட்டு நாலு சதவீதத்துக்கு மேல் ஏறி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கட்டை உயர்ந்துவிடும். அப்படி மாற்றிய பிரதியிலிருந்து பாட்டை மட்டும் பிரித்து எடுத்துப் பரப்பினால், அதைக் கேட்டு வயலினில் சேர்ந்து வாசிக்க முயலும் பையன் தன் தந்திக் கருவிதான் இறங்கிவிட்டது என்று நினைப்பான்.

கிட்டப்பா பெரியவர், சினிமா பெரியது. அவற்றுக்கு ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஒரே பாட்டின் பல தட்டுகள் பல வீடுகளில் இருக்கின்றன. ஒன்றை ஒன்றோடு ஒப்பிடலாம். நான் கவலைப்படுவது நம் பக்கத்து வீடுகளில் பீரோவுக்கு மேல் கிடக்கும் கேசட்டுகளைப் பற்றி. கெங்கவல்லியிலும் தலைவாசலிலும் பெத்தநாயக்கன்பாளையத்திலும் கல்வராயன் மலையடிவாரத்திலும் திருவிழாக் கூத்து, பொம்மலாட்டம், உடுக்கையடிப் பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு என்று யாரோ ஒருவர் ஆசையோடு டேப் ரிக்கார்டரில் பிடித்து வைத்தவை அவை. ஒவ்வொன்றும் ஒற்றைப் பிரதி. கேசட் 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த பொருள். நம் ஊர்ப் பக்கம் எண்பதுகளில்தான் வீட்டுக்கு வீடு வந்தது. அந்த நாடாவில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை வயதாக ஆகத் தளர்கிறது. ஓட்டும் கருவியும் கிடைப்பதில்லை, பழுது பார்ப்பவரும் கிடைப்பதில்லை. ஆகவே பெரும்பாலான கேசட்டுகளுக்கு ஒருமுறைதான் டிஜிட்டல் பிரதி எடுக்கப்படும். அதற்குப் பிறகு பிரதிதான் மூலம். அந்தப் பிரதியில் இருக்கும் பிழை, அந்தக் கலைஞர் செய்த பிழையாகவே வருங்காலத்தில் எண்ணப்படும்.

ஒற்றைப் பதிவு எவ்வளவு பெறும் என்பதற்குக் கொங்கு நாட்டிலேயே சான்று இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாடகர்கள் இரவு இரவாகப் பாட, ஒலிநாடாவில் பதிவு செய்தார். அந்த நாடாக்களை வைத்துத்தான் 1982இல் அவருடைய ஆய்வு நூல் வந்தது. 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் வழியாகக் கதை முழுவதும் தமிழும் ஆங்கிலமுமாக அச்சேறியது. பாடியவர்களின் மூச்சும் உடுக்கையின் இடைவெளியும் அச்சில் வராது. நாடாவில்தான் இருக்கும். நாடா நல்ல நிலையில் இருந்ததால் இன்றைக்கும் அதற்குத் திரும்பிப் போக முடிகிறது.

பிரதி சரியா என்று சோதிக்கும் வேலைக்குள் இப்போது நுழைவோம். இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. தொழிலில் இருப்பவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். முதல் கேள்வி, ஒலியை எண்ணாக மாற்றும்போது எண் எந்த அளவுக்கு ஒலிக்கு நெருக்கமாக இருக்கிறது? இதற்கு எவ்வளவு நெருக்கம் என்றுதான் விடை சொல்ல முடியும். முழுக்கச் சரி என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டாவது கேள்வி, எண்ணான பிறகு அந்த எண்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அப்படியே போய்ச் சேர்ந்தனவா? இதற்கு ஆம் அல்லது இல்லை என்ற இரண்டு விடைகளே உண்டு. முதல் கேள்விக்கு அளந்து பார்க்க வேண்டும். இரண்டாவதற்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பல ஆயிரம் ரூபாய்க்கு டிஜிட்டல் கேபிள் வாங்கி ஒலி மேம்பட்டுவிட்டது என்று மகிழ்பவர், ஒப்பிட வேண்டிய இடத்தில் காதை நம்புகிறார். சாதாரண கேபிளிலும் எண்கள் பிழையில்லாமல் போயிருந்தால், விலை உயர்ந்த கேபிள் அதற்கு மேல் எதையும் கொண்டுவந்து சேர்க்க முடியாது.

மாற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஒலி அலையை ஒரு நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து ஒவ்வொரு அளவையும் எண்ணாக எழுதலாம் என்ற யோசனையை, தொலைபேசிக்காக, ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1930களின் பிற்பகுதியில் பாரிஸில் வேலை பார்த்தபோது கண்டார். ஓர் ஒலியைத் திரும்பப் பெற வேண்டுமானால், அதில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளவு எடுக்க வேண்டும் என்பது நைக்விஸ்ட், கோட்டெல்னிகோவ், ஷானன் ஆகியோர் நிறுவிய கணக்கு. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று வைத்தால் 40,000க்கு மேல் வேண்டும். சி.டி.யில் அது 44,100 ஆனது. இந்த எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். தொடக்கத்தில் டிஜிட்டல் ஒலியைச் சேமிக்க வீடியோ நாடாதான் இருந்தது. ஒரு வரிக்கு மூன்று அளவு, ஒரு புலத்துக்கு (பாதி வீடியோ பிரேமுக்கு) 294 வரி, நொடிக்கு 50 புலம். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். 60 புலமும் 245 வரியும் கொண்ட அமெரிக்க முறையிலும் அதே எண் வரும். இரண்டு முறைக்கும் பொதுவாக அமைந்த வசதிக்காக எடுத்த எண் 1982இல் சி.டி.யோடு உலகமெங்கும் நிலைத்துவிட்டது. சினிமாவும் வீடியோவும் 48,000ஐ எடுத்துக்கொண்டன. இந்த இரண்டு எண்களும் ஒரே உலகத்தில் இருப்பது இன்னொரு பொறி. 44,100இல் பதிந்த கோப்பின் தலைப்பில் தவறாக 48,000 என்று எழுதிவிட்டால், பாட்டு ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறி ஓடும்.

ஒவ்வோர் அளவையும் எத்தனை நுணுக்கமாக எழுதுகிறோம் என்பதுதான் பிட் கணக்கு. 16 பிட் என்றால் 65,536 படிகள். 24 பிட் என்றால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். ஒரு பிட் கூடினால் சுமார் 6 டெசிபல் கூடுதல் இடம் கிடைக்கும். துல்லியமாகக் கணக்கிட்டால் 16 பிட்டுக்கு 98 டெசிபல், 24 பிட்டுக்கு 146. ஆனால் பெட்டியின் மேல் 24 பிட் என்று அச்சிட்டிருப்பதால் உள்ளே 146 டெசிபல் இருக்கிறது என்று பொருள் இல்லை. மிக நல்ல கருவியே 120 சொச்சத்தில்தான் நிற்கும், ஏனென்றால் மின்சுற்றுக்கென்று ஓர் இரைச்சல் உண்டு. மலிவான யு.எஸ்.பி. கருவியில் அந்த இரைச்சல் மேலெழுந்து, கீழ் பிட்டுகளில் பாதி வெறும் சலசலப்பாகவே இருக்கலாம். ஆகவே அச்சிட்டதை நம்பாமல் அளக்க வேண்டும். சந்தையில் தராசு சரியா என்று பார்க்க முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்ப்பது போல, கருவிக்கும் நமக்கு முன்பே தெரிந்த ஒலியைக் கொடுத்து, அது என்ன எண் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

எளிய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸின் வெளியீட்டை ஒரு வயரால் அதே கருவியின் உள்ளீட்டில் இணையுங்கள். கணினியில் உருவாக்கிய சுத்தமான ஒற்றைச் சுர ஒலியை வெளியே அனுப்பி உள்ளே பதியுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். ஒலியின் அதிர்வெண்ணை 997 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். ஏன் 1,000 இல்லை? 48,000 அளவில் 1,000 ஹெர்ட்ஸைக் கொடுத்தால் அலை ஒன்றுக்குச் சரியாக 48 அளவுகள் விழும். அதே 48 எண்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கருவியின் மற்ற படிகளில் கோளாறு இருந்தாலும் அது தட்டுப்படாது. 997 பகா எண். 48,000ஐ அது வகுக்காது. ஒரு நொடி முழுவதும் அளவு விழும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் ஏராளமான படிகள் சோதனைக்கு உள்ளாகும். ஒலிப் பொறியியல் சங்கத்தின் அளவீட்டுத் தரமும் இந்த எண்ணைத்தான் சொல்கிறது.

பதிந்ததை அதிர்வெண் வரைபடத்தில் பாருங்கள். 997இல் ஒரு முனை நிற்க வேண்டும். 1,994இலும் 2,991இலும் சிறு முனைகள் எழுந்தால் அது விலகல், அதாவது டிஸ்டார்ஷன். 50, 100, 150இல் எழுந்தால் கரண்ட் ஹம். எர்த் இணைப்பைப் பாருங்கள். பிறகு ஒலியே கொடுக்காமல் ஒரு நிமிடம் பதிந்து இரைச்சல் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மட்டும் ஒலி கொடுத்து, வலப்பக்கம் எவ்வளவு கசிகிறது என்று பாருங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஏறும் ஒலியைக் கொடுத்து எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். கடைசியாக, வெளியே இருந்து ஒரு சிக்னல் ஜெனரேட்டரால் 26,000 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பாருங்கள். 48,000 அளவெடுக்கும் நல்ல கருவி அதை வடிகட்டிவிடும். வடிகட்டாத கருவியில் அது 22,000ஆக முகம் மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிடும். மூல ஒலியில் இல்லாத சுரம் அது. வந்த பிறகு எந்த மென்பொருளாலும் அதைப் பிரித்து எடுக்க முடியாது.

இதெல்லாம் ஆய்வுக்கூட வேலை, நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு மாலைப்பொழுதில் முடியும். ஒருமுறை செய்து எழுதி வைத்துவிட்டால், அந்தக் கருவியில் எடுக்கும் அத்தனை பிரதிகளுக்கும் அது சான்று. உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐயாசா, பிரதி குறைந்தது 48,000 அளவிலும் 24 பிட்டிலும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு இது ஏறக்குறைய 1 ஜி.பி. இன்றைய விலையில் அது ஒரு பொருட்டே இல்லை. எம்.பி.3யாக மட்டும் சேமிப்பதற்கு இனி எந்தக் காரணமும் கிடையாது.

கருவி சரி. கேசட் பிளேயர்? அங்கேதான் நம் ஊர்ப் பிரதிகளில் பாதி கெடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் போக வேண்டும். பெல்ட் தளர்ந்த பிளேயரில் அது போகாது. அதிர்வெண் தெரிந்த ஒலி பதிந்த சோதனைக் கேசட்டை ஓட்டிப் பார்த்தால் வேகப் பிழை எண்ணாகவே கிடைத்துவிடும். அடுத்தது ஹெட்டின் சாய்வு. பதிந்த கருவியின் ஹெட்டும் ஓட்டும் கருவியின் ஹெட்டும் ஒரே சாய்வில் இல்லாவிட்டால் உச்ச ஒலி மங்கிப்போகும். சலங்கையும் தாளமும் தொலையும். பலர் அதைக் கேட்டுவிட்டுக் கேசட் பழசு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். திருவிழாப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ. மோனோ கேசட்டை ஸ்டீரியோ பிளேயரில் ஓட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே ஒலி வர வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தைக் கழித்துக்கொண்டே ஹெட் பக்கத்துச் சிறு திருகாணியைத் திருப்புங்கள். மீதி எந்த இடத்தில் மிகக் குறைகிறதோ அங்கே சாய்வு சரி. ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இந்தக் கழித்தல்தான் ஒலிச் சோதனையின் மையக் கருவி. இரண்டு பதிவுகளை எடுத்து, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினால் பொதுவானது எல்லாம் அழிந்து வித்தியாசம் மட்டும் மிஞ்சும். எதுவுமே மிஞ்சாவிட்டால் இரண்டும் ஒன்று. ஆனால் இதைச் செய்பவர் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இரண்டு பதிவுகளும் ஒரே ஓர் அளவு, அதாவது நொடியில் 48,000இல் ஒரு பங்கு, விலகியிருந்தாலே 1,000 ஹெர்ட்ஸ் ஒலியில் 13 சதவீதம் மீதியாக நிற்கும். சத்தத்தின் அளவு நூற்றுக்கு ஒன்று மாறியிருந்தாலும் மீதி வரும். ஆகவே வரிசைப்படுத்தாமல் கழித்துவிட்டு, பிரதி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டு வெவ்வேறு கருவிகளில் பதிந்ததாக இருந்தால் அவற்றின் கடிகாரங்களே ஒத்துப்போகாது. பத்து லட்சத்துக்கு 50 என்ற சின்ன வித்தியாசமே 45 நிமிடத்தில் 0.135 நொடியாகச் சேர்ந்துவிடும்.

கழித்தல் இல்லாமல் கண்டுபிடிப்பது மிகக் கடினமான பிழை ஒன்று உண்டு. பதிந்துகொண்டிருக்கும் கணினி நடுவில் வேறு வேலையில் மூழ்கிவிட்டால், ஒலியை எண்ணாக்கும் கருவியான மாற்றி கொடுத்த எண்களில் கொஞ்சம் வட்டில் எழுதப்படாமல் விட்டுப்போகும். சில நூறு அளவுகள், அதாவது நொடியில் நூற்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. பறையோ தவிலோ அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த வெட்டு காதுக்குத் தெரியவே தெரியாது. மென்பொருளும் பல நேரம் எச்சரிக்காது. அமெரிக்க அரசு நிறுவனங்களுக்கான டிஜிட்டலாக்க வழிகாட்டு அமைப்பான ஃபாட்ஜி இந்தப் பிழைக்குத் தனிப்பெயர் வைத்து, தனியாக ஆராய்ந்திருக்கிறது. மாற்றியிலிருந்து வரும் எண்களை ஒரே நேரத்தில் இரண்டு கணினிகளில் பதிந்து, இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுவது நிச்சயமான வழி. இரண்டுக்கும் ஒரே மாற்றி, ஒரே கடிகாரம். ஆகவே ஒவ்வோர் எண்ணும் பொருந்தியாக வேண்டும். ஒன்றில் குறைந்தது மற்றதில் இருக்கும். இரண்டு கணினிக்கு வழியில்லாதவர்கள் குறைந்தபட்சம் பதியும்போது இணையத்தை அணைத்துவிடுங்கள், வேறு எதையும் திறக்காதீர்கள்.

இனி இரண்டாவது கேள்வி, கடத்துதல். எண்கள் வழியில் கெடும் என்பதை ஏற்றுக்கொண்டு, கெட்டதைக் கண்டுபிடிக்கவும் திருத்தவும் கூடுதல் எண்களைச் சேர்த்து அனுப்பும் கலையை ரிச்சர்ட் ஹேமிங் 1950இலும், ரீட், சாலமன் இருவரும் 1960இலும் வளர்த்தார்கள். சி.டி.யில் ஒவ்வொரு 24 பைட் ஒலிக்கும் 8 பைட் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டிய எண்களைத் தூரம் தூரமாகக் கலைத்தும் வைத்திருக்கிறார்கள். ஆகவே தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளக் கீறல் விழுந்தாலும் எண்களை முழுமையாக மீட்க முடியும். அதற்கு மேல் போனால் பிளேயர் முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து நடுவில் இருந்ததை ஊகித்து நிரப்பிவிடும். நிரப்பினேன் என்று சொல்லாது. பாட்டுக் கேட்பவருக்கு அது உதவி. ஆவணம் எடுப்பவருக்கு அது தீங்கு. பழைய சி.டி.யிலிருந்து கணினிக்கு எடுப்பவர்கள், இரண்டு முறை, முடிந்தால் இரண்டு வெவ்வேறு டிரைவில், எடுத்து ஒப்பிட வேண்டும்.

கோப்பு கோப்பாக இருக்கும்போது ஒப்பிடும் வேலை மிகவும் சுலபம். உங்கள் ஆதார் எண்ணின் 12ஆவது இலக்கம் ஒரு காவல் இலக்கம். முன்னால் உள்ள 11 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வந்தது. ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தாலோ, பக்கத்து இரண்டை மாற்றி அடித்தாலோ அது காட்டிக்கொடுத்துவிடும். அதே கருத்தின் மிகப் பெரிய வடிவம்தான் ஹாஷ். 1 ஜி.பி. கோப்பைக் கொடுத்தால் எஸ்.எச்.ஏ.-256 என்ற கணக்கு அதற்கு 64 எழுத்தில் ஓர் அடையாளம் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த அடையாளம் முழுவதும் மாறிவிடும். பிரதி எடுத்த அன்றே அதைக் கணக்கிட்டு ஒரு தாளில் அச்சிட்டு வைத்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து, எத்தனை ஹார்ட் டிஸ்க் மாறியிருந்தாலும், மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள். பொருந்தினால் அதே ஒலி. ஃபிளாக் என்ற வடிவம் ஒலியை இழப்பில்லாமல் சுருக்கிச் சேமிக்கும்போதே மூல ஒலியின் அடையாளத்தையும் கோப்புக்குள் வைத்துவிடுகிறது. 2024 டிசம்பரில் அது இணையத் தரமாகவும் பதிவாகிவிட்டது. நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

கோப்பாக இல்லாமல் ஓடும் ஒலியாக அனுப்பும்போதுதான் நமக்குத் தெரியாமல் பல கைகள் நடுவில் நுழைகின்றன. புளூடூத் ஒலியைத் திரும்பச் சுருக்கி அனுப்புகிறது, ஆகவே பிரதியைச் சோதித்துக் கேட்கும்போது கம்பி ஹெட்போன்தான் வேண்டும். வாட்ஸாப்பில் குரல் பதிவாகப் பிடித்து அனுப்பினால் சுருங்கிப் போகும், டாக்குமென்டாக இணைத்தால் கோப்பு அப்படியே போகும். 2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது சங்கீத வகுப்பெல்லாம் கணினியில் காணொலி அழைப்புக்கு மாறியது. சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு மாணவி பாடுவார். மறுமுனையில் ஆசிரியருக்குச் சுருதி வந்து வந்து மறையும். மாறாமல் ஒரே சீராக ஒலிப்பதை மின்விசிறிச் சத்தம் என்று கருதி அழிக்கும்படி அந்த மென்பொருள்களை எழுதியிருந்தார்கள். நம் சங்கீதத்துக்கு ஆதாரமே அந்த மாறாத ஒலிதான். இசைக்காரர்களுக்கென்று மூல ஒலியை அப்படியே அனுப்பும் ஏற்பாடு ஜூமில் இருக்கிறது. அதைத் தேடி இயக்க வேண்டும், தானாக வராது. ஒப்பாரியைச் செல்பேசியில் பதிபவர்களும் இந்த இரைச்சல் நீக்கியை அணைத்துவிட்டுத்தான் பதிய வேண்டும். மெல்ல இழுக்கும் குரலை அது தின்றுவிடும்.

இவ்வளவு கருவிகளைப் பற்றிப் பேசினாலும், கருவியால் முடியாத சோதனை ஒன்று இருக்கிறது. டச்சு அறிஞர் ஆர்னால்டு பாகே 1938இல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய் ஒலிப்பதிவு செய்தார். 1984இல் இசை ஆய்வாளர்கள் நஸீர் ஜைராஸ்பாயும் ஏமி கேட்லினும் அந்தப் பதிவுகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். அங்கிருந்தவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இந்த வேலை இங்கேயும் நடக்க வேண்டும். 997 ஹெர்ட்ஸ் கருவியைச் சோதிக்கும். இந்த அடவுக்கு மத்தளம் இவ்வளவு வேகமாகப் போகாது, எங்கள் வாத்தியார் குரல் இவ்வளவு சன்னமில்லை என்று சொல்ல ஒரு கூத்துக் கலைஞர்தான் வேண்டும். அவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கேசட்டை விட அவர்களுக்குத்தான் காலம் குறைவு. பிரதி எடுத்தவுடன் முதல் வேலையாக அவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதிக் கோப்போடு சேர்த்து வையுங்கள்.

பிரதியைச் சுத்தம் செய்து அழகாக்குவது பற்றியும் ஒரு சொல். இரைச்சலை நீக்குங்கள், யூடியூபில் போடுங்கள், மக்கள் கேட்கட்டும். ஆனால் அதை இன்னொரு கோப்பில் செய்யுங்கள். முதலில் எடுத்த பிரதியில் கை வைக்காதீர்கள். இன்றைய மென்பொருள் இரைச்சலோடு எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று இருபது வருடம் கழித்து வருபவர் நம்மைவிட நன்றாக அறிவார்.

ஆத்தூர் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் வீட்டிலோ கோயில் அறையிலோ சவுண்ட் சர்வீஸ் கடையிலோ இருக்கும் கேசட்டுகளை இந்த வாரமே எடுத்து, வெயிலும் ஈரமும் படாத இடத்தில், ஒலிபெருக்கிக் காந்தத்துக்கு அப்பால், நிற்க வைத்து அடுக்குங்கள். பிரதி எடுக்கக் கொடுப்பதாக இருந்தால், எந்தப் பிளேயர், எந்த மாற்றி, எப்போது சோதித்தீர்கள், ஹாஷ் எண் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் ஒற்றைப் பிரதியைக் கொடுக்காதீர்கள். பிரதி வந்த பிறகும், அது எவ்வளவு நன்றாக ஒலித்தாலும், மூலக் கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள்.